நேற்று இல்லாத வாடை: மாடல் பெயின்ட் அடிப்பவர்களுக்கு மூக்கை வைத்துப் பிழை கண்டுபிடிக்கும் வழி

சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டு மாடி அறைதான் என் பட்டறை. 1:72 அளவு, அதாவது நிஜத்தில் 72-இல் ஒரு பங்கு, பிளாஸ்டிக் மாடல் விமானங்கள், 1:35 அளவு டாங்கிகள், நாலைந்து டஜன் பெயின்ட் புட்டிகள், பெயின்டைக் காற்றோடு தூவும் ஏர்பிரஷ் ஒன்று. கீழ் வீட்டில் இரண்டு தறி ஓடுகிறது. தறி போடும் அக்காவுக்கு என் விமானங்களில் ஒரு அக்கறையும் கிடையாது. ஆனாலும் மாடியில் ஏதாவது கோளாறு என்றால் முதலில் கண்டுபிடிப்பது அவர்தான். "தம்பி, இன்னிக்கு வேற மாதிரி வாடை வருதே?" என்று படிக்கட்டடியில் இருந்து குரல் வரும்.

அதில் 'வேற மாதிரி' என்பதுதான் விஷயம். பெயின்டை இளக்கும் தின்னர் என்றால் நெடி இருக்கத்தான் செய்யும். நேற்று வரை இல்லாத வாடை இன்று வந்தால்தான் ஏதோ மாறியிருக்கிறது என்று பொருள். வெறுமனே 'நாறுது' என்று சொன்னால் ஒன்றும் பிடிபடாது. புளித்த வாடையா, காறல் வாடையா, பழ வாடையா என்று பிரித்துச் சொன்னால் பாதிப் பிழை அங்கேயே தெரிந்துவிடும். உங்களுக்கு என்ன வாடை வருகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்க்கொள்ளுங்கள்.

அதற்கு முன் இரண்டு விஷயம். பாட்டில் வாயில் மூக்கை வைத்து இழுக்காதீர்கள். ஒரு சாண் தள்ளிப் பிடித்து, கையால் மெதுவாக விசிறி, வருவதை மட்டும் முகருங்கள். தலை கிறுகிறுத்தாலோ குமட்டினாலோ கண் எரிந்தாலோ ஆராய்ச்சி வேண்டாம். மூடியைப் போட்டுவிட்டுக் காற்றாட வெளியே போய்விடுங்கள்.

தின்னரில் மண்ணெண்ணெய் வாடை

செவ்வாய்ப்பேட்டை பெயின்ட் கடைகளில் 'டர்பன்டைன்' என்று கேட்டால் பெரும்பாலும் கையில் கொடுப்பது மினரல் டர்பன்டைன். அது கச்சா எண்ணெயில் இருந்து வடித்தது, மண்ணெண்ணெய்க்குப் பங்காளி. எனவே அதில் மண்ணெண்ணெய் சாயல் இருப்பது இயல்பு. ஹம்ப்ரோல் மாதிரி எனாமல் பெயின்டுக்கு அதுதான் சரியான துணை. பயப்பட ஒன்றுமில்லை.

அதே வாடை என்.சி. தின்னரில், அதாவது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கருக்கான தின்னரில், வந்தால்தான் தப்பு. என்.சி. தின்னர் என்பது டொலுவீன் அல்லது சைலீன், அசிட்டேட், அசிட்டோன், கொஞ்சம் ஆல்கஹால் என்று பலதும் சேர்ந்த கலவை. திறந்தவுடன் மூக்கில் குத்தும், சீக்கிரம் பறந்துவிடும். மண்ணெண்ணெய் போல வழவழப்பாக மூக்கில் ஒட்டிக்கொண்டு நிற்காது.

ஒருமுறை அவசரத்துக்குச் சில்லறையில் அரை லிட்டர் வாங்கினேன், தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தார்கள். அதைக் கலந்து ஒரு நாட் (Gnat) போர் விமான மாடலுக்குச் சாம்பல் நிற பிரைமர் அடித்தேன். இரண்டு நாள் கழித்து இறக்கையைத் தூக்கினால் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்துவிட்டது. மோந்து பார்த்தால் பழைய ஸ்டவ் வாடை. சீக்கிரம் பறக்க வேண்டியதோடு மெதுவாகப் பறக்கும் எண்ணெய் ஏதோ கலந்திருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க இரண்டு சொட்டுப் போதும். ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விடுங்கள். நல்ல என்.சி. தின்னர் சில நிமிடங்களில் காய்ந்து தடமே இல்லாமல் போகும். பஜ்ஜி வைத்த தாள் போல எண்ணெய்க் கறை நின்றால் கலப்படம். இன்னொரு சொட்டை, கிட்டில் உதிரி பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தில், அதாவது ஸ்ப்ரூவில், விட்டு ஒரு குச்சியால் தேய்த்துப் பாருங்கள். என்.சி. தின்னர் பிளாஸ்டிக்கைப் பிசுபிசுப்பாக்கிவிடும். மினரல் டர்பன்டைன் சும்மா நனைத்துவிட்டு நிற்கும். இந்த இரண்டாவது சோதனை இன்னொன்றையும் சொல்கிறது: என்.சி. தின்னர் கலந்த பெயின்டைச் சொதசொதவென்று அடித்தால் மாடலே உருகும். மெல்லிய தூவலாக மட்டும் அடிக்க வேண்டும்.

கலப்படத் தின்னரைத் தூக்கிப் போட வேண்டாம், தூரிகை கழுவ ஆகும். ஆனால் தண்ணீர் பாட்டிலில் வைக்காதீர்கள். வீட்டில் யாராவது தாகத்தில் எடுத்துக் குடித்துவிட்டால் கதை வேறு. அப்படி யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வாந்தியோடு அது நுரையீரலுக்குள் போனால்தான் பெரிய ஆபத்து. 108-ஐக் கூப்பிடுங்கள், பாட்டிலையும் கையோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள்.

பைன் மர வாசனை காரமாக மாறிவிட்டது

ஓவியப் பொருள் கடையில் கிடைக்கும் பிசின் டர்பன்டைன் பைன் மரப் பாலில் இருந்து வருவது. புதிதாக இருக்கும்போது மரப்பட்டை வாசனை, எனக்குப் பிடிக்கும். பாதி காலியான பாட்டிலில் காற்றோடு கிடந்தால் ஆக்சிஜனேற்றம் ஆகி நெடி காரமாகும், திரவம் மஞ்சளாகும். கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டு மறுநாள் தொட்டுப் பாருங்கள். பிசுக்காக ஒரு வளையம் இருந்தால் அது பெயின்டிலும் காயாமல் ஒட்டும். அதைவிட, பழசானதில் உருவாகும் பெராக்சைடு வகைப் பொருட்கள் தோலில் அரிப்பும் தடிப்பும் கொண்டுவரும். சின்ன பாட்டிலாக வாங்கி, வெளிச்சம் படாமல் வைப்பதுதான் தீர்வு.

பழ வாடை, நகப்பூச்சு வாடை

மே மாதம் ஒருநாள் அக்கா படியேறி வந்து, "என்ன தம்பி, மாம்பழம் பழுக்க வெச்சிருக்கியா?" என்றார். லாக்கர் தின்னர் பாட்டில் திறந்து கிடந்தது. எத்தில் அசிட்டேட், பியூட்டைல் அசிட்டேட் இரண்டுக்கும் இயல்பாகவே பழ மணம் உண்டு; வாழைப்பழம், பேரிக்காய் என்று ஒவ்வொரு மூக்குக்கும் ஒவ்வொன்றாகத் தோன்றும். பெயின்டில் கோளாறு இல்லை. கோளாறு மூடியில். இனிமையான வாடை என்பதால் நாம் ஜன்னலைத் திறப்பதில்லை, அரை மணி நேரத்தில் தலைவலி வந்துவிடும். மூடியின் உள்பக்க வாஷர் ஊறி உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். உப்பியிருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் கசியும்.

ஊசி போடும் இடத்து வாடை

ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். தாமியா அக்ரிலிக் பெயின்டுக்கு இது இயல்பு. வலேஹோ போன்ற தண்ணீர் சார்ந்த பெயின்டில் இந்த வாடை வந்தால் யாரோ, அநேகமாக நீங்களேதான், தவறான தின்னரை ஊற்றிவிட்டீர்கள். கொஞ்ச நேரத்தில் திரிந்த பால் போல் ஆகும். ஏர்பிரஷில் இருந்தால் இப்போதே கழற்றிக் கழுவிவிடுங்கள், அப்புறம் படிக்கலாம்.

அமோனியா நெடி, சாக்கடை வாடை, அழுகிய முட்டை

மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். தண்ணீர் சார்ந்த அக்ரிலிக்கைத் திறந்ததும் லேசாக அமோனியா குத்தினால் நல்லது. பெயின்ட் காரத்தன்மையோடு இருந்தால்தான் அக்ரிலிக் துகள்கள் கட்டிக்கொள்ளாமல் மிதக்கும், அதற்காகவே சேர்ப்பது. அந்த நெடி சுத்தமாகப் போய், பெயின்டும் தயிராக இறுகியிருந்தால் மூடி சரியாக அடைபடவில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

சாக்கடை வாடை வேறு சங்கதி. சேலத்துக்காரர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. மரவள்ளி அரவை நடக்கும் மாதங்களில் ஜவ்வரிசி ஆலைப் பக்கம் போனவர்களுக்கு மாவுத் தண்ணீர் தேங்கிப் புளித்த வாடை மூக்கிலேயே இருக்கும். புட்டிக்குள் நடப்பதும் அதே சமையல்தான்: கிருமிகள் உட்கார்ந்து சாப்பிடுகின்றன. சிலவகைக் கிருமிகள் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை விடும், அதுதான் அழுகிய முட்டை.

கம்பெனியில் கிருமிநாசினி சேர்த்துத்தான் அனுப்புகிறார்கள். நாம் என்ன செய்கிறோம்? பெயின்ட் இறுகிவிட்டது என்று குழாய்த் தண்ணீரைப் புட்டியிலேயே ஊற்றுகிறோம். கிருமிநாசினி நீர்த்துப் போகிறது, புதுக் கிருமியும் உள்ளே போகிறது. நாலு நாளாக மாற்றாத கழுவு தண்ணீரில் முக்கிய தூரிகையை அப்படியே புட்டிக்குள் விடுவது அதைவிட மோசம். கெட்டுப் போன புட்டியைக் காப்பாற்ற வழியில்லை. டெட்டால் ஊற்றிப் பார்த்தவர்களில் நானும் ஒருவன், பெயின்ட் திரிந்ததுதான் மிச்சம். இனி தண்ணீர் கலப்பதைத் தட்டில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரிக்கு ஊற்றும் வடிநீர் ஒரு பாட்டில் வாங்கினால் மாதக்கணக்கில் வரும். தூரிகை நுனியை வாயில் வைத்துக் கூராக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்; சில மஞ்சள், சிவப்பு நிறங்களில் காட்மியம் இருக்கும்.

முக்கியமான இன்னொன்று. எந்தப் புட்டியும் திறக்காமலே அழுகிய முட்டையோ அழுகிய முட்டைக்கோஸோ போல வாடை வந்தால் பெயின்டை மறந்துவிட்டு அடுப்படிக்கு ஓடுங்கள். சமையல் வாயுவுக்குச் சொந்த வாடை கிடையாது. கசிவு தெரிவதற்காகக் கந்தகச் சேர்மம் கலந்து அந்த வாடையைக் கொடுக்கிறார்கள். ரெகுலேட்டரை மூடுங்கள், ஜன்னலைத் திறங்கள், எந்த சுவிட்சையும் தொடாதீர்கள், வெளியே போய் 1906-க்கு அழையுங்கள்.

காறிப்போன எண்ணெய் வாடை

எனாமலும் ஆயில் பெயின்டும் காயும் விதமே வேறு. தின்னர் பறந்த பிறகு, மிச்சமிருக்கும் எண்ணெய் காற்றில் உள்ள ஆக்சிஜனைப் பிடித்து இறுகுகிறது. அப்போது ஆல்டிஹைடுகள் வெளிவரும். பழைய முறுக்கு டப்பா வாடை, சில சமயம் மீன் கவிச்சி கூட. மாடலில் இருந்து மூன்று நாலு நாள் அப்படி வந்தால் இயல்பு, பெயின்ட் தன் வேலையைப் பார்க்கிறது.

அதே வாடை குப்பைக் கூடையில் இருந்து வந்தால் உடனே எழுந்திருங்கள்.

ஒரு ஷெர்மன் டாங்கிக்கு ஆயில் பெயின்டால் துரு, அழுக்கு எல்லாம் ஏற்றிக்கொண்டிருந்தேன். துடைக்க, அக்கா கொடுத்த பருத்தி நூல் கழிவுதான். நன்றாக உறிஞ்சும். துடைத்ததை எல்லாம் ஒரு மஞ்சப்பையில் அமுக்கி, கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிட்டுச் சாப்பிடப் போனேன். மூன்று மணிக்கு மேலே வந்தால் அறை முழுக்க வடைச் சட்டி வாடை. பையைத் தொட்டேன், வெளிப்பக்கம் ஒன்றுமில்லை. உள்ளே விரலை விட்டால், நடுவில் இப்போதுதான் இறக்கிய இட்லித் துணி மாதிரி சூடு. நூலைப் பிரிக்கப் பிரிக்க உள்ளே இன்னும் சூடு.

ஆயில் பெயின்டில் இருக்கும் ஆளி விதை எண்ணெய் காயும்போது வெப்பம் வெளிவிடும். விரித்துப் போட்டால் அந்த வெப்பம் காற்றில் போய்விடும். பந்தாகச் சுருட்டி வைத்தால் வெளியே போக வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய், தீப்பெட்டி இல்லாமலே தீப்பிடிக்கும். மொட்டை மாடிக்கு எடுத்துப் போய் ஒவ்வொன்றாக விரித்து, தண்ணீர் தெளித்து உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து துடைத்த துணி ஒன்று கொடியில் ஒற்றையாகத் தொங்கும், இல்லாவிட்டால் தண்ணீர் ஊற்றிய மூடி போட்ட தகர டப்பாவில் கிடக்கும்.

பெயின்ட் அடித்து ஒரு வாரம் ஆகியும் மாடலில் தின்னர் வாடை

மேல்தோல் காய்ந்துவிட்டது, உள்ளே தின்னர் சிறைப்பட்டிருக்கிறது. தடியாக அடித்ததாலோ, முதல் கோட் காயும் முன் அடுத்த கோட் போட்டதாலோ வருவது. தொட்டால் காய்ந்தது போலத்தான் இருக்கும். நம்பி மாஸ்கிங் டேப் ஒட்டினால் டேப்போடு பெயின்டும் வரும்.

சோதனை எளிது: மாடலை ஒரு சுத்தமான டிபன் டப்பாவில் இரவு முழுக்க மூடி வைத்து, காலையில் பல் துலக்கியதும், காபிக்கு முன், திறந்து மோந்து பாருங்கள். வாடை இல்லையென்றால் அடுத்த கோட்டுக்குப் போகலாம். இருந்தால் இன்னும் இரண்டு நாள் நிழலில், காற்றோட்டத்தில் வைத்துப் பொறுமையாக இருக்க வேண்டியதுதான். சேலத்து வெயில்தான் இருக்கிறதே என்று மொட்டை மாடியில் வைக்காதீர்கள். பாலிஸ்டைரீன் 100 டிகிரி செல்சியஸ் அருகில்தான் இளகும் என்றாலும் மெல்லிய இறக்கைகள் அதற்கு வெகு முன்பே வளைந்துகொடுக்கும்.

எனக்கு வாடை இல்லை, கீழே இருப்பவர்களுக்கு வருகிறது

இதற்குக் காரணம் இரண்டு. முதலாவது எடை. அசிட்டோன் ஆவி காற்றைப் போல இரண்டு மடங்கு கனம், டொலுவீன் ஆவி மூன்று மடங்குக்கும் மேல். அது தண்ணீர் மாதிரி தரையோடு தரையாக ஓடி, படிக்கட்டு வழியாக இறங்கிவிடும். மேசையில் உட்கார்ந்திருக்கும் என் மூக்குக்கு எட்டாதது, கீழே தறிக்குழியில் உட்கார்ந்திருக்கும் அக்காவுக்கு நேராகப் போய்ச் சேர்கிறது. பாயில் படுத்திருக்கும் குழந்தைக்கும் அப்படித்தான். தரையில் எரியும் கொசுவர்த்தி, அந்தி விளக்கு, கேஸ் அடுப்பு எல்லாம் இந்த ஓடையின் பாதையில்தான் இருக்கின்றன. என்.சி. தின்னர் எந்தப் பருவத்திலும் தீப்பற்றும் நிலையில்தான் இருக்கும். மினரல் டர்பன்டைன் கொஞ்சம் சாது, ஆனால் அதற்கும் 30 முதல் 40 டிகிரி போதும். ஏப்ரல் மதியம் நம் மாடி அறை அதைத் தாண்டிவிடும்.

எனவே வாசல் கதவை மூடி, காற்றை ஜன்னல் வழியே வெளியே தள்ளும் விசிறி வையுங்கள். சீலிங் ஃபேன் வாடையை அறை முழுக்கப் பரப்புமே தவிர வெளியே அனுப்பாது.

எனக்கு இப்போது வாடையே வரவில்லை

இரண்டாவது காரணம் இதுதான், நான் மிகவும் பயப்படுவதும் இதற்குத்தான். மூக்கு பத்து இருபது நிமிடத்தில் சலித்துவிடும். காற்றில் தின்னர் ஏறிக்கொண்டிருந்தாலும் மூளை அதைச் சொல்வதை நிறுத்திவிடும். 'நெடி அடங்கிருச்சு, ஜன்னலைச் சாத்தலாம்' என்று நினைக்கும் நேரம்தான் அறையில் அதிகம் இருக்கும் நேரமாக இருக்கக்கூடும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து தெருவில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டுத் திரும்ப உள்ளே வந்து பாருங்கள். வாசலிலேயே முகத்தில் அடித்தால் நிலவரம் தெரியும். எனக்கு அக்கா இருக்கிறார். "அக்கா, வாடை வருதாங்க?" என்று கீழே கேட்டுவிடுவேன்.

'வாடையில்லாத டர்பன்டைன்' வாங்கியவர்களும் கவனியுங்கள். அதில் மூக்கைக் குத்தும் சேர்மங்களை எடுத்துவிட்டார்கள், ஆவி அப்படியேதான் இருக்கிறது.

கார் பெயின்ட் கடையில் கிடைக்கும் 2கே கிளியர், அதாவது இறுக வைக்கும் ஹார்ட்னர் கலந்து அடிக்கும் நிறமற்ற மேல்பூச்சு, பளபளப்புக்காக நம் ஆட்கள் ஆசைப்படுவது. அந்த ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கும். அதன் வாடை தெரியும் நேரத்தில் பாதுகாப்பான அளவு எப்போதோ தாண்டியிருக்கும். ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போனால் ஆஸ்துமா ஆயுளுக்கும் நிற்கலாம். வீட்டு மாடியில் அதை அடிக்காதீர்கள் என்பதே என் கட்சி. கார் பெயின்ட் பட்டறையில் காற்று வசதியோடு அடிப்பவரிடம் மாடலைக் கொடுத்துவிடலாம்.

மாஸ்க் பற்றி: துணி மாஸ்க், என்95 இரண்டும் தூசியையும் பெயின்ட் துளியையும் ஓரளவு தடுக்கும், ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கான கரி கார்ட்ரிட்ஜ் உள்ள மாஸ்க் வேண்டும். ஐரோப்பிய முறையில் பழுப்புப் பட்டை, அமெரிக்க முறையில் கறுப்புப் பட்டை இருக்கும். வேலை முடிந்ததும் காற்றுப் புகாத பையில் போட்டு வையுங்கள். ஆணியில் மாட்டி வைத்தால் சும்மா இருக்கும் நேரத்திலும் கரி உறிஞ்சிக்கொண்டே இருக்கும். போட்டிருக்கும்போதே வாடை வந்தால் ஒன்று கார்ட்ரிட்ஜ் முடிந்துவிட்டது, இல்லை தாடி இடைவெளி விடுகிறது.

குளியலறையில் தின்னர் வாடை

தூரிகை கழுவியதை வாஷ்பேசினில் ஊற்றியிருக்கிறீர்கள். இனி ஊற்றாதீர்கள். கழுவிய தின்னரை ஊறுகாய் ஜாடியில் மூடி வையுங்கள். நாலு நாளில் வண்டல் அடியில் இறங்கும், மேலே தெளிந்ததை மறுபடி கழுவப் பயன்படுத்தலாம். வண்டலை வெளியே, தீ இல்லாத இடத்தில், கெட்டியாகும்வரை காயவிட்டுப் பிறகு அப்புறப்படுத்துங்கள்.

ஏற்காட்டில் மட்டும் வரும் கோளாறு

மச்சான் வீடு ஏற்காட்டில். லீவுக்குப் போகும்போது ஒரு கிட்டையும் நாலு புட்டியையும் தூக்கிக்கொண்டு போவது வழக்கம். முதல் தடவை, இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, பையைத் திறக்கும்போதே நெடி. தின்னர் பாட்டில் வயிறு புடைத்து நின்றது. மூடியைத் திருகினேன், 'புஸ்' என்று ஒரு சீறல், கழுத்தில் இருந்த தின்னர் என் சட்டையிலும் மச்சானின் சோபாவிலும். "ஏன் மாப்ள, சோடா கொண்டாந்தியா?" என்றார்.

சேலம் சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1500 மீட்டர். மேலே காற்றழுத்தம் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைவு. கீழே அடைத்த காற்று மேலே உப்புகிறது. அடிவாரத்தில் வெயிலில் நின்ற வண்டிக்குள் பாட்டில் சூடாகியிருந்தால் இன்னும் மோசம். தகர டின்னில் முக்கால் அளவு மட்டும் ஊற்றி, மூடியைச் சுற்றிப் பிளாஸ்டிக் பை கட்டி, நிமிர்த்தி எடுத்துப் போங்கள். போனதும் வெளியே வைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, மூடியைக் கால் திருகு மட்டும் திருகி மூச்சு விடச் செய்யுங்கள்.

மேலே இன்னொரு தொல்லை மூடுபனி. குளிருக்கு எல்லா ஜன்னலையும் சாத்திவிடுகிறோம், பெயின்ட் மெதுவாகக் காய்கிறது, வாடை நாள் கணக்கில் நிற்கிறது. அந்த ஈரத்தில் லாக்கர் அடித்தால் மேற்பரப்பு குளிர்ந்து நீர் படிந்து வெள்ளை பூத்துவிடும். இப்போதெல்லாம் ஏற்காட்டுக்குத் தண்ணீர் சார்ந்த பெயின்ட் மட்டும்தான் எடுத்துப் போகிறேன். சோபாவில் இன்னும் அந்த வட்டம் இருக்கிறது, மச்சான் அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு வைத்திருக்கிறார்.